ஐம்பது ரூபாய் அபராதமும் ஒரு வண்டிக்காளையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மிருகவதைக்கான அபராதத்தை உயர்த்த வேண்டும் என்று வாசகர்கள் அவ்வப்போது எழுதுகிறார்கள். நியாயமான கோரிக்கைதான். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறை குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்று எழுதினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தத் தொகை அசையவில்லை. 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது உச்ச நீதிமன்றமே இது போதாது என்றது.

ஆனால், நீதிமன்ற எழுத்தராகக் காலம் தள்ளிய எனக்கு, தொகையை மட்டும் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றவில்லை. யாரிடம் வசூலிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு மாட்டுவண்டிக்காரர் வழக்கு நினைவுக்கு வருகிறது. நுகத்தடி அழுத்திக் கழுத்து புண்ணான காளையைப் பூட்டி, அதிக பாரமும் ஏற்றியிருந்தார். தப்புதான், அவரும் மறுக்கவில்லை. ஆனால் முதல் வாய்தாவுக்கு நீதிபதி விடுப்பு. அடுத்ததற்கு வழக்குக் காகிதக் கட்டு வந்து சேரவில்லை. ஒவ்வொரு முறையும் நீதிமன்றச் சேவகரான டவாலி பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவதற்குள் மாடிப்படியில் ஓடி வந்து நிற்பார். ஒரு நாள் கூலி போய்விடும். காளையைப் பிடித்துக் காப்பகத்தில் கட்டியிருந்தார்கள். அங்கே தீவனச் செலவு மாட்டுக்காரர் தலையில்தான் விழும். தீர்ப்பு வந்த அன்று அபராதம் 50 ரூபாய். ரசீது எழுதிக் கொடுத்தேன். அவர் காளையை மீட்கப் போகவே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். தீவனக் கணக்கு காளையின் விலையைத் தாண்டியிருந்ததாம்.

ஏறக்குறைய அதே சமயத்தில் இன்னொரு வழக்கு. வசதியான வீடு. வெயிலில் குட்டைச் சங்கிலியில் கட்டி, தண்ணீர்கூட வைக்காமல் போட்டிருந்த நாய். வாய்தாவுக்கு வாய்தா வக்கீல் வந்து ஒரு 317 மனுவை நீட்டுவார் (ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்கும் மனுவுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர்). நாய்க்காரரின் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கடைசியில் வக்கீலே குற்றத்தை ஒப்புக்கொண்டு, நூறு ரூபாய்த் தாளை வைத்துவிட்டு நடந்தார். கூப்பிட்டு மீதியைக் கொடுத்தேன். நாய் எப்போதும்போல அந்த வீட்டிலேயே இருந்தது.

இருவருக்கும் ஒரே சட்டம், ஒரே பிரிவு, ஒரே 50 ரூபாய். காகிதத்தில் பார்த்தால் சமநீதி.

கிளிக்கதையும் இப்படித்தான். 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில், வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளி ஜோசியரைக் கடலூரில் வனத்துறை பிடித்தது நினைவிருக்கும். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிப்பு விட்டது. வெளிநாட்டுப் பறவை, விலங்கு வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாங்களாகவே பதிவு செய்தால், எங்கே எப்படி வாங்கினீர்கள் என்று ஆவணம் கேட்கப்படாது என்றது. அமேசான் காட்டிலிருந்து வந்த இனம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பஞ்சவர்ணக்கிளி யார் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்நாட்டுக் கிளிக்கும் வெளிநாட்டுக் கிளிக்கும் சட்டம் வேறு என்பார்கள். உண்மைதான். கூண்டு மட்டும் ஒன்றுதானே?

பத்தாயிரம் ரூபாய் என்ற தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் இரண்டு வெளிமான்களை வேட்டையாடிய வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரல் 5 அன்று ஜோத்பூர் நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இரண்டே இரவில் ஜாமீனில் வந்தார். மேல்முறையீடு அவர் உரிமை, அதைக் குறை சொல்லவில்லை. 1978-இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு ஜாமீனுக்குக் கேட்ட தொகையும் அதே 10,000தான். அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கீழ்நீதிமன்றம் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய், நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்ன பிறகுதான் அவருக்கு வழி பிறந்தது. ஒருவருக்குச் சில்லறையாக இருக்கும் தொகை இன்னொருவருக்குச் சிறைக்கதவு.

ஆகவே 50 ரூபாயை ஒரேயடியாக 50,000 ஆக்கினால், பங்களாக்காரர் அன்றைக்கே கட்டிவிடுவார். கட்ட முடியாத வண்டிக்காரர் உள்ளே போவார். பின்லாந்தில் 1921-லிருந்து வேறொரு முறை இருக்கிறது. குற்றத்தின் கனத்துக்கு ஏற்ப இத்தனை நாள் என்று நீதிமன்றம் சொல்லும். ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதை அவரவர் வருமானம் தீர்மானிக்கும். ஜெர்மனியிலும் நாள் கணக்கு அபராதம்தான். இங்கே வருமானத்தை யார் ஒழுங்காகக் காட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். வாகனப் பதிவும் வீட்டுவரி ரசீதும் போதாதா, தோராயமாகக் கணக்குப் போட?

மிருகவதைச் சட்டத்தைத் திருத்துகிறவர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும். முதல் முறை பிடிபடுகிற வண்டிக்காரரிடம் மாட்டைப் பறிப்பதற்கு முன், புண் ஆறும்வரை பூட்டமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, வாரம் ஒருமுறை அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டிக் கையெழுத்து வாங்கிவரச் சொல்லலாம். நாய்க்காரருக்கு விலக்கு மனு கிடையாது என்றும் ஒரு வரி சேர்க்கட்டும். மூன்று வாய்தா அவரும் அந்த மாடிப்படி ஏறட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர்