சொல்லிக்கொடு என்றால் எதைக் கொடுப்பது?

ரங்கூன்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உன் பெயருக்கு அர்ச்சனை செய்ய அம்மா நேற்றும் காளி கோயிலுக்குப் போய்வந்தாள்.

போனில் நீ அழுத சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டேன் என்று சொல்ல நினைத்து, மேலதிகாரியிடம் 'ஓவர்லுக்' செய்துவிட்டேன் என்றிருக்கிறாய். 'லுக் ஓவர்' என்றால் ஒரு பார்வை பார்ப்பது. அதே இரண்டு சொல்லை முன்பின்னாக ஒட்டினால் கவனிக்காமல் கோட்டை விடுவது. அவர் முகம் மாறத்தான் செய்யும். ஆனால் "எனக்கு மூளையே இல்லைப்பா" என்றாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சின்ன வயதில் பக்கத்து வீட்டு பர்மாப் பெண்ணுக்கு நீ தமிழ் கற்றுத்தந்தாய், நினைவிருக்கிறதா? "கொடு என்றால் எங்கள் மொழியில் 'பே' தானே, அப்புறம் சொல்லிக்கொடு என்றால் எதைக் கொடுப்பது?" என்று கேட்டாள். நீ திருதிருவென்று விழித்தாய். சொல்லிக்கொடு, சொல்லிப்பார், சொல்லிவை, சொல்லிக்கொள்ளாமல் போனான்: ஒரே 'சொல்', பின்னால் வரும் சின்னச் சொல் மாறினால் பொருளே வேறு. பர்மிய மொழியிலும் அப்படித்தான். 'ப்யோ' என்றால் சொல், 'ப்யா' என்றால் காட்டு, சேர்த்தால் எடுத்துச்சொல். இரண்டு மொழியிலும் இந்த வித்தையைத் தெரிந்தவள் நீ. ஆங்கிலத்திலும் 'ஆஃப்', 'அப்', 'டவுன்' செய்வது இதே வேலைதான். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. நம் தள்ளிப்போடுவில் மட்டும் யாராவது எதையாவது தள்ளுகிறார்களா, போடுகிறார்களா?

எங்கள் காலத்தில் ஐந்தாம் வகுப்பில்தான் ஆங்கில எழுத்தே கண்ணில் படும். 1981க்குப் பிறகு பாலர் வகுப்பிலிருந்தே வந்தது, அதனால் உனக்கு வாய்த்தது. ஆனாலும் மனப்பாடம்தானே செய்தீர்கள். நானும் பான்சோடான் தெருவில் பழைய புத்தகம் ஒன்றை வாங்கி, 'கெட்' சொல்லுக்கு மட்டும் இருந்த நீண்ட பட்டியலை இரவெல்லாம் உருப்போட்டேன். 'கெட் ஓவர்', 'கெட் த்ரூ', 'கெட் அவே' எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போயின. பட்டியல் புத்தகம் வாங்காதே, பாப்பா. காதில் விழும் முழு வாக்கியத்தை, யார் யாரிடம் எதற்குச் சொன்னார் என்பதோடு எழுதிவை. வாரத்துக்கு நாலைந்து போதும்.

ஒன்றை மட்டும் விதியாகவே வைத்துக்கொள். கூட்டத்தை என்று பெயர் சொன்னால் 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி. அதை என்று சுட்டும்போது 'இட்' நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் ஆஃப்'. ஆனால் கவனித்துக்கொள் என்னும் 'லுக் ஆஃப்டர்' பிரியாத ஜோடி, 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றே வரும். எது பிரியும், எது பிரியாது என்பதையும் அந்த வாக்கியத்தோடே பழகு.

மரபுத்தொடரில்தான் நம் தமிழே காலை வாரிவிடும். "ஐயம் புல்லிங் யுவர் லெக்" என்று யாராவது சொன்னால் பதறாதே. நமக்குக் காலை வாருவது துரோகம், அவர்களுக்கு அது வெறும் விளையாட்டுக் கேலி. 'கிக் த பக்கெட்' நம் 'மண்டையைப் போட்டான்' மாதிரி. அர்த்தம் தெரிந்துகொள், துக்க வீட்டில் வாய்தவறியும் சொல்லிவிடாதே.

திங்கட்கிழமை அந்த மேலதிகாரியிடம் நீயே போய், நான் சொல்ல வந்தது இது என்று சொல்லிவிடு. ஞாயிறு போன் பண்ணும்போது அந்த வாரம் கேட்ட வாக்கியம் ஒன்றை எனக்கும் சொல். நானும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மா லப்பே, அதான் அந்த ஊறவைத்த தேயிலை, கட்டி வைத்திருக்கிறாள். சிங்கப்பூர் வரும் ஆள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்
அப்பா