பாலஸ்தீன ஓவியங்களை ஓவியர் பெயரோடு அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பாலஸ்தீனக் கலை பற்றி வெளிவந்த சிறப்புப் பக்கங்களை வரவேற்கிறேன். குண்டுவீச்சுச் செய்திகளுக்கு நடுவே அந்த மக்களின் ஓவியங்களுக்கும் இடம் கொடுக்கத் தமிழ் நாளிதழ் ஒன்று முன்வந்தது நல்ல செயல். ஆனால், அச்சிட்ட எந்தப் படத்தின் கீழும் வரைந்தவர் பெயரோ, வரைந்த ஆண்டோ, எதில் எதைக்கொண்டு செய்யப்பட்டது என்ற விவரமோ இல்லை. ‘பாலஸ்தீன ஓவியம்’ என்ற ஒரே குறிப்பே எல்லாவற்றுக்கும் போதும் என்று கருதப்பட்டிருக்கிறது. கட்டுரையும் அவற்றை மொத்தமாகக் கண்ணீரின் கலை என்று சொல்லி முடித்துவிடுகிறது. இவை இரண்டும் ஒரே குறையின் இரு பக்கங்கள் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் பெரிதாக வெளியான படத்தையே எடுத்துக்கொள்வோம். நெற்றியில் கயிறு இறுக, முதுகில் ஜெருசலேம் நகரையே சுமந்து குனிந்து நிற்கும் முதியவரின் அந்த ஓவியம், பிர்ஸைத் ஊரில் 1947இல் பிறந்த சுலைமான் மன்சூர் 1970களின் தொடக்கத்தில் தீட்டியது. ‘சுமைகளின் ஒட்டகம்’ என்ற பொருள்படும் தலைப்பை அதற்குச் சூட்டியவர் எழுத்தாளர் எமில் ஹபீபி. அதன் ஒரு மூலப்பிரதி லிபியாவின் ஆட்சியாளர் கடாஃபியிடம் போய்ச் சேர்ந்ததாகவும், 1986இல் அமெரிக்கா நடத்திய குண்டுவீச்சில் அழிந்ததாகவும் சொல்லப்படுகிறது. மன்சூர் பின்னாளில் அதே காட்சியை மறுபடியும் தீட்டினார். இடைப்பட்ட காலத்தில் மேற்குக் கரையிலும் அகதி முகாம்களிலும் வீட்டுச் சுவர்களில் இருந்தது அச்சிட்ட சுவரொட்டிதான். மூலம் போன பிறகும் அச்சுப் பிரதியால் பிழைத்த ஓவியத்தை, அச்சிடும் நாமே பெயரில்லாமல் வெளியிடலாமா?

அதற்கும் இருபது ஆண்டுகள் முந்தியது இஸ்மாயில் ஷம்மூத்தின் ‘எங்கே?’ என்ற ஓவியம். 1948 ஜூலையில் லித், ரம்லா ஊர்களிலிருந்து விரட்டப்பட்ட 50,000க்கும் மேற்பட்டோர் கடும் வெயிலில் ரமல்லா திசை நோக்கி நடந்தபோது, பதினெட்டு வயது ஷம்மூத்தும் குடும்பத்தோடு அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவருடைய சின்னத் தம்பி வழியிலேயே தாகத்தில் இறந்தான். காசாவின் கான் யூனிஸ் அகதி முகாமில் இனிப்பு விற்றுக் குடும்பத்துக்கு உதவிய அவர், பிறகு கெய்ரோவில் ஓவியம் படித்து, 1953இல் காசாவில் தம் கண்காட்சியை நடத்தினார். ‘எங்கே?’ ஓவியத்தில், தோளில் உறங்கும் குழந்தை, கைப்பிடியில் ஒன்று, பின்னால் தனியே நடந்துவரும் இன்னொன்று என்று மூவரோடு ஒரு கிழவர் நிற்கிறார். பின்னணியில் பட்ட மரம், தொலைவில் ஊர். அந்தக் கண்காட்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அகதிகள். அவர்களுக்கு அது அனுதாபம் தேடும் படமாகத் தெரிந்திருக்காது. தாங்கள் கண்ணால் கண்ட நிகழ்ச்சிக்கு ஒருவர் எழுதிவைத்த சாட்சியமாகத்தான் தெரிந்திருக்கும்.

தர்பூசணிச் சின்னத்தைப் பற்றிய பெட்டிச் செய்தியிலும் ஒரு திருத்தம் தேவை. பாலஸ்தீனக் கொடியின் நிறங்களுக்கு மாற்றாக ஓவியர்கள் தாமே கண்டுபிடித்த தந்திரம் என்று அதில் உள்ளது. சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை நான்கும் கூடினால் இஸ்ரேலிய இராணுவம் பறிமுதல் செய்யும் என்ற நிலை இருந்தது உண்மை. ரமல்லாவில் ‘கேலரி 79’ என்ற ஓவியக்கூடம் மூடப்பட்ட காலத்தில் தம்மையும் நபீல் அனானியையும் இஸ்ஸாம் பத்ரையும் இஸ்ரேலிய அதிகாரி ஒருவர் அழைத்துப் பேசியதை மன்சூர் பல நேர்காணல்களில் விவரித்திருக்கிறார். அந்த நிறங்களில் ஒரு பூவை வரைந்தால் என்ன செய்வீர்கள் என்று பத்ர் கேட்க, தர்பூசணி வரைந்தாலும் பறிமுதல்தான் என்று பதில் வந்ததாம். ஆக, தர்பூசணியை முதலில் வாயில் எடுத்தவர் அந்த அதிகாரியே! காலித் ஹூரானி என்ற ஓவியர் 2007இல் அந்தக் கதையை நினைவில் கொண்டு தர்பூசணியை வரைந்த பிறகுதான் அது இன்றைய அளவுக்குப் பரவியது. இதைச் சிரித்துக் கடந்துவிடவும் முடியாது. காசாவின் ஓவியர் ஃபத்ஹி கபின், கொடியின் நிறங்களைத் தீட்டியதற்காக 1980களில் சிறை சென்றவர். சிகிச்சைக்காகக் காசாவை விட்டு வெளியேற முடியாமல் 2024 பிப்ரவரியில் அங்கேயே இறந்துபோனார்.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறிய மிக முக்கியமான விஷயம், இந்தக் கலைஞர்கள் எதைக் கையில் எடுத்தார்கள் என்பது. 1987இல் முதல் இன்டிஃபாதா, அதாவது இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான மக்கள் எழுச்சி, தொடங்கியபோது இஸ்ரேலியப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் பரவியது. கடையில் வாங்கும் வண்ணமும் கித்தானும் அந்த வழியாகத்தான் வந்தன என்பதால், மன்சூர், அனானி, வேரா தமாரி, ஜபாலியா முகாமில் பிறந்த தைசீர் பரகாத் ஆகிய நால்வரும் ‘புதிய பார்வைகள்’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து அவற்றைக் கைவிட்டார்கள். மன்சூர் மண்ணை எடுத்தார். அனானி தோலில் மருதாணி போன்ற இயற்கைச் சாயங்களை ஏற்றினார். பரகாத் மரப்பலகையைத் தீயால் சுட்டு உருவங்களைக் கொண்டுவந்தார். தமாரி சுடுமண்ணில் வேலை செய்தார். மண் காயும்போது வெடிக்கும். வெடிப்பை ஓவியரால் முழுமையாகக் கட்டுப்படுத்த இயலாது. மன்சூர் அதை மறைக்காமல் ஓவியத்தின் பகுதியாகவே விட்டுவிட்டார். எண்ணெய் வண்ணத்தில் அழகாக வந்திருந்த கிராமத்துப் பெண்களையும் ஆலிவ் தோப்புகளையும்விட, அந்த வெடித்த மனித உருவங்களே அவருடைய மிகச் சிறந்த படைப்புகள் என்பது என் கருத்து. அச்சிட்ட படத்தில் மண்ணும் வண்ணமும் ஒன்றுபோலத்தான் தெரியும். படத்தின் கீழ் ‘மரச்சட்டத்தில் மண்’ என்று எழுதினால்தான் வாசகர் பார்வை அங்கே நிற்கும்.

அடுத்த தலைமுறையிலும் பொருள்தான் பேசுகிறது. பெய்ரூட்டில் பாலஸ்தீனப் பெற்றோருக்கு 1952இல் பிறந்த மோனா ஹதூம், 1996இல் கிழக்கு ஜெருசலேமில் நாப்லுஸ் நகரின் ஆலிவ் எண்ணெய்ச் சோப்புக் கட்டிகளைத் தரையில் பரப்பி, இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்துகொண்ட ஓஸ்லோ உடன்பாடு பாலஸ்தீனருக்கு ஒதுக்கிய நிலத்துண்டுகளின் எல்லைகளைச் சின்னஞ்சிறு சிவப்பு மணிகளால் அதில் பதித்தார். பார்க்க வந்த உள்ளூர்க்காரர்கள் அந்தச் சோப்பின் வாசனையிலேயே அதை அடையாளம் கண்டுகொண்டார்கள். எமிலி ஜாசிர் 2001இல் நியூயார்க்கில் ஓர் அகதிக் கூடாரத்தின் துணியில், 1948இல் அழிக்கப்பட்ட அல்லது காலியாக்கப்பட்ட 418 கிராமங்களின் பெயர்களைத் தைக்க, வந்துபோன எல்லோரையும் அழைத்தார். ஊசி பிடிக்கத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் உட்கார்ந்து தைத்தார்கள். அவர் தையலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ‘தத்ரீஸ்’ எனப்படும் குறுக்குத் தையல் வேலைப்பாடு ஊருக்கு ஊர் வேறுபட்டது. பெண்ணின் உடுப்பைப் பார்த்தே அவள் எந்த வட்டாரத்தவள் என்று சொல்லிவிடலாம். ஊர்கள் போன பிறகும் முகாம்களில் பெண்கள் அதைத் தொடர்ந்தார்கள். கொடி பறிமுதலான இன்டிஃபாதா நாள்களில் அதே நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் உடுப்பிலேயே தைத்துக்கொண்டார்கள். யுனெஸ்கோ இக்கலையை 2021இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தங்கள் சிறப்புப் பக்கங்களில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. பெண்கள் கையில் இருப்பதால் கைவினை, சட்டத்துக்குள் இருப்பதால் கலை என்ற பழைய பாகுபாடு நம்மிடமும் இருக்கிறது போலும்.

பெயரும் ஆண்டும் இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். 1978இல் பெய்ரூட்டில் பாலஸ்தீனத்துக்காக நடந்த சர்வதேசக் கலைக் கண்காட்சியில், சுமார் 30 நாடுகளின் கலைஞர்கள் கொடுத்த ஏறத்தாழ 200 படைப்புகள் இடம்பெற்றன. என்றாவது ஒருநாள் பாலஸ்தீனத்தில் அமையப்போகும் அருங்காட்சியகத்துக்கான முதல் சேகரம் அது. 1982இல் இஸ்ரேலியப் படை பெய்ரூட்டை முற்றுகையிட்டபோது, அவை வைக்கப்பட்டிருந்த கட்டடம் குண்டுக்கு இரையானது. பல ஆண்டுகள் கழித்து கிறிஸ்டீன் கூரி, ரஷா சல்தி என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கண்காட்சியின் வரலாற்றைத் திரட்ட முடிந்ததென்றால், அதற்குத் தொடக்கமாக இருந்தது அன்று அச்சிட்ட கையேடுதான். அதில் கலைஞர்களின் பெயர்கள் இருந்ததால்தான் அவர்களைத் தேடிப் போக முடிந்தது.

இன்றைய காசாவில் நிலைமை அதைவிட மோசம். 2023 அக்டோபரில் ஓவியர் ஹேபா ஸகூத் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சியில் பங்கேற்ற ‘எல்திகா’ கலைக் குழுவின் கூடமும் அழிந்தது. ஓவியர் மைசரா பாரூத், வீடும் பணிக்கூடமும் போன பின்பு, தாம் இன்னும் உயிரோடிருப்பதை நண்பர்களுக்குத் தெரிவிக்கக் கறுப்பு மையில் நாள்தோறும் வரைந்து சமூக ஊடகத்தில் வெளியிட்டார். அந்தப் படங்களைப் ‘பாலஸ்தீன ஓவியம்’ என்று மட்டும் போட்டு அச்சிட்டால், அவர் வரைந்ததன் நோக்கத்தையே நாம் வெட்டி எடுத்துவிடுகிறோம்.

நாளிதழில் இடம் குறைவு என்பதை அறிவேன். படத்துக்கு ஒரு வரி போதும்: ஓவியர் பெயர், ஆண்டு, செய்யப்பட்ட பொருள், தெரிந்தால் மூலம் இன்று இருக்கும் இடம். ஏற்கெனவே வெளியான படங்களுக்கு இந்த விவரங்களை அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு பெட்டியாக வெளியிடுமாறும், இணையப் பதிப்பில் உடனே சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தத்ரீஸ் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட்டால், அதைத் தையல் தெரிந்த ஒருவரைக்கொண்டு எழுதச் செய்வது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.