அந்த ஒரு கட்டளையை நீங்களே ஓட்டி அனுப்புங்கள்

பாடசாலைகளுக்கு மென்பொருள் அனுப்பும் கணினிப் பிரிவினருக்கு,

வணக்கம். தவணைப் புள்ளிகளைப் பதியச் சொல்லி நீங்கள் அனுப்பிய மென்பொருள் பற்றித்தான் எழுதுகிறேன். சுற்றறிக்கை எது, கடைசித் திகதி எது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தாமதித்த பாடசாலைகளின் பட்டியலில் எங்கள் பெயரும் இருந்தது, பார்த்தேன், நன்றி.

நீங்கள் அனுப்பியது ஒரு ஸிப் கோப்பு. உள்ளே பைதன் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்களும் இரண்டு வரிக் குறிப்பும் இருந்தன. பைதன் 3.11ஐ நிறுவுங்கள், கட்டளைத் திரையில் பிப் இன்ஸ்டால் (பைதனுக்கான துணை நிரல்களை இறக்கி நிறுவும் கட்டளை) கொடுங்கள், மற்றதெல்லாம் இணையத்திலிருந்து தானாக வரும். தானாகவாம்! பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு அழைப்பு வரவே மேட்டில் ஏறி நிற்க வேண்டும்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி, விண்டோஸ் 7, அதுவும் 32 பிட் என்ற பழைய வகை. அதில் பைதன் 3.11 ஏறாது, 3.8தான் கடைசி என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போயிற்று. அப்புறம் சிக்னலுக்காக ஏழாம் நம்பர் மலையின் வளைவுக்குப் போனோம். மழை தூறியது, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மடிக்கணினிக்கு மேலே படங்கைப் பிடித்துக்கொண்டு நின்றான், அட்டவணைகளைக் கையாளும் பான்டாஸ் என்ற துணை நிரல் தொகுதி பாதி இறங்கி நின்றுவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்கும், என் டேட்டா கரைந்துகொண்டே இருந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "இன்னைக்கு உங்களுக்கும் இந்த மலையில பேர் போடுறாங்களா சேர்?" என்று கேட்டார். தோட்டத்தில் பேர் போடுவது என்றால் அன்றைய வேலைக்குச் சம்பளம் பதிவது. சிரித்தேன், வேறு என்ன செய்வது. கடைசியில் எல்லாம் இறங்கியதும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: மைக்ரோசாப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 வேண்டும். எங்கள் கணினிக்குத் தயாராகக் கட்டிய தொகுதி கிடைக்காததால் பிப் அதை மூலநிரலிலிருந்தே கட்டப் பார்த்திருக்கிறது. அதற்கான கருவிகளை இறக்க இன்னும் பல ஜிபி வேண்டும். மடிக்கணினியை மூடிவிட்டு இறங்கி வந்தோம்.

நான் கேட்பது ஒன்றுதான். பைஇன்ஸ்டாலர் என்ற கருவி உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டளைத் திரையில் அதன் பெயரையும் நிரலின் பெயரையும் அடித்து என்டரைத் தட்டினால், பைதனையும் தேவையான தொகுதிகளையும் சேர்த்து டிஸ்ட் என்ற கோப்புறையில் வைத்துவிடும், பிறகு எங்கள் கணினியில் பைதனை நிறுவவோ இணையத்தைத் தேடவோ வேண்டியதில்லை. அதைத் தயவுசெய்து நீங்களே செய்து அனுப்புங்கள். ஆனால் உங்கள் புதுக் கணினியில் 64 பிட் பைதனில் கட்டினால் எங்களிடம் ஓடாது, லினக்ஸில் கட்டினால் விண்டோஸுக்கான கோப்பே வராது, ஆகவே பழைய விண்டோஸ் கணினி ஒன்றில் 32 பிட் பைதன் 3.8ஐப் போட்டு, அதற்கு ஒத்துவரும் தொகுதிகளோடு கட்டுங்கள். ஒரே கோப்பாகச் சுருக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எல்லாவற்றையும் தற்காலிகக் கோப்புறையில் விரித்துப் போடும், எங்கள் கணினி அதற்குள் தூங்கிவிடும். கோப்புறையாகவே தாருங்கள்.

உங்கள் சுற்றறிக்கையில் 'டிஜிட்டல்' என்ற சொல் பன்னிரண்டு இடங்களில் வருகிறது. மழை விடும்வரை வேறு வேலை இல்லை, எண்ணினேன். 'தமிழ்' ஒரு இடத்திலும் இல்லை. போன வருட மென்பொருளில் பிள்ளைகளின் பெயர்களைத் தமிழில் அடித்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் வந்தன, நாற்பது பிள்ளைகளும் ஒரே பெயரில் பரீட்சை எழுதியதுபோல. சரி, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது கோபத்தில் கேட்க வந்ததை விட்டுவிடக் கூடாது.

கட்டிய கோப்புறைதான் வேண்டும். இணையத்தில் ஏற்ற வேண்டாம். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் பஸ் பிடித்து ஹட்டனுக்கு வருகிறேன், பென்ட்ரைவ் என்னிடமே இருக்கிறது, அங்கே யாரிடமாவது கொடுத்து வைத்தால் போதும். புள்ளிகளை எல்லாம் தாளில் எழுதி வைத்திருக்கிறோம், கோப்புறை கைக்கு வந்தால் திங்கட்கிழமையே பதிந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஒன்றின் கணினி ஆசிரியர்