மூன்று சொட்டுக்கு மேல் வேண்டாம்

ஆசிரியருக்கு,

சளிக்கு ஆவி பிடிக்கும் பலர் நீலகிரித் தைலத்தைக் கொதிக்கும் நீரில் தாராளமாக ஊற்றுகிறார்கள். தைலம் நீரில் கரையாது. மிதந்து, ஒரேயடியாக ஆவியாகிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அசையாத மேசையில் வைத்து, சற்று ஆறியபின் அரை லிட்டருக்கு 2, 3 சொட்டு விடுங்கள். கண்ணை மூடி 5 நிமிடம் போதும். மூக்கடைப்பு இளகும், சளியை உண்டாக்கும் வைரஸ் இதனால் போகாது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த நெடியே இழுப்பைக் கிளப்பலாம். கைக்குழந்தைக்கு மூக்கருகிலோ நெஞ்சிலோ தடவவே கூடாது. ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தைலம் நுரையீரலுக்குள் ஏறிவிடும். புட்டியோடு மருத்துவமனைக்கு விரையுங்கள். ஊட்டி, குன்னூர் கடைகளில் விற்கும் ஒவ்வொரு புட்டியிலும் இந்த எச்சரிக்கை தமிழில் இருக்க வேண்டும்.

வாசகர், குன்னூர்