கப்பலேறும் பிள்ளையின் வீட்டாரையும் ஆயத்தப்படுத்துங்கள்: வணிகக் கப்பற்றுறை அதிகாரிகளுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

சரக்குக் கப்பலேறும் பிள்ளை உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி எல்லாம் படித்துத்தான் போகிறான். வீட்டு நினைப்பைத் தாங்க மட்டும் ஒருவரும் பழக்குவதில்லை. அதில் பாதிச் சுமை இங்கே முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிற வீட்டாரின் அறியாமையால் ஏறுவது. அதனால் ஒன்று கேட்கிறோம்: ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னர் குடும்பத்தையும் பிரதேச செயலகத்துக்கு அழைத்து, தமிழில் விளக்குங்கள்.

முதலில் நேரக் கணக்கு. பிரேசில் கரையோரம் 12–4 வோட்ச் (மத்தியானமும் நள்ளிரவும் 12 முதல் 4 மணி வரையான காவல்முறை) செய்பவன் பின்னேரம் 4 மணிக்கு ஓய்ந்து போனை எடுக்கும்போது இங்கே நள்ளிரவு 12.30. விடிய 4 மணிக்கு முடித்தால் இங்கே மத்தியானம் 12.30, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மேற்கே போகப் போக, 15 பாகைக்கு ஒரு மணித்தியாலம் என்று கப்பல் மணிக்கூட்டைப் பின்தள்ளுவார்கள். போன கிழமை பேசிய நேரம் இந்தக் கிழமை சரிவராது. "எங்களை மறந்திட்டான்" என்ற கோபம் பல வீடுகளில் இங்கேதான் தொடங்குகிறது. எந்த வோட்ச் என்று கேட்டு எழுதிவைத்தாலே போதும்.

அடுத்தது, கப்பல் எங்கே நிற்கிறது என்று இணையத்தில் காட்டும் வரைபடம். கப்பலின் பெயர் மாறலாம், அதற்கென்று கொடுக்கப்பட்ட ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் மாறாது. அதை வீட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கப்பல் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் வானொலிச் சைகை ஏ.ஐ.எஸ்.; கரையிலுள்ள அதன் வாங்கிகளுக்கு ஏறத்தாழ 40 கடல் மைல் வரைதான் எட்டும். அதற்கு அப்பால் செய்மதித் தரவு வேண்டும். அது பெரும்பாலும் காசுக்கு. ஆகவே இலவசப் படத்தில் கப்பல் மறைந்தால் ஆழ்கடலுக்குப் போய்விட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இது தெரியாத தாய்மார் இரவிரவாக அழுகிறார்கள்.

இணையம் பற்றியும் முன்கூட்டியே கேட்க வேண்டும். கடலோடிகளின் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையான கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின் 2022 திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. கப்பலில் தொடர்பு வசதி வேண்டும், இணையத்துக்குக் காசு எடுத்தால் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. மாதத்துக்கு எத்தனை ஜிபி, என்ன விலை? ஏறிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

ஒப்பந்தத்தில் வரும் "9 மாதம், ஒரு மாதம் கூடக்குறைய" என்ற வரியை வீடு 8 என்று வாசித்து, வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு மகன் நிற்பான் என்று நேர்த்தி வைக்கிறது. மாற்று ஆள் வராவிட்டால் 10 ஆகும். அதற்காக இழுத்துக்கொண்டே போக முடியாது: 12 மாதம் நிறைய முன்னர் அவனை ஊருக்கு அனுப்ப வேண்டும், அந்தப் பயணச் செலவும் உரிமையாளருடையது. வேலை எடுத்துத் தரக் கட்டணம் கேட்கவும் சமவாயம் இடங்கொடுக்காது. மருத்துவச் சான்று, கடவுச்சீட்டு, கடலோடிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டுமே பிள்ளையுடையது. இதைக் கொட்டை எழுத்தில் ஒட்டுங்கள். காணியை ஈடுவைத்துக் காசு கட்டுகிற வீடுகள் இருக்கின்றன.

சம்பளத்தில் ஒரு பங்கை நேரே வீட்டுக்கு அனுப்பச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. பிசகுவது பெயரில்: வங்கிப் புத்தகத்தில் ஒரு ஆங்கில எழுத்துக்கோர்ப்பு, கொடுத்த படிவத்தில் இன்னொன்று, காசு திரும்பிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் சமவாயத்தின்படி அது கைவிடப்பட்ட நிலை. அப்போது வீட்டார் அழைக்க, தமிழில் பதில் சொல்லும் ஒரு தொலைபேசி இலக்கத்தைத் தாருங்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து கப்பல்வேலை அறிந்தோர்