ஹோஸ் மாற்ற வழி விடுங்கள்: சைக்கிள் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

மவுண்டன் பைக் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும், வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்பவர்களுக்கும்,

வணக்கம். காரைக்குடியில் சைக்கிள் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். உங்கள் வண்டிகளில் பிரேமுக்குள்ளே ஓடுகிற, பின் பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஹோஸைப் பற்றித்தான் இந்த மடல். இதற்கெல்லாமா ஒரு மடல் என்று நினைக்க வேண்டாம். பிரேக் சம்பந்தப்பட்டது எதுவும் சின்ன விஷயம் இல்லை.

மலை அதிகம் இல்லாத செட்டிநாட்டில் மவுண்டன் பைக்குக்கு என்ன வேலை என்று தோன்றலாம். கண்மாய்க் கரை, சரளை கிடக்கும் செம்மண் தடம், மழை பெய்தால் வண்டிச் சோடு விழுந்து காய்ந்துபோகும் பாதை, இதெல்லாம் ஊரைத் தாண்டினாலே ஆரம்பித்துவிடும். காலேஜ் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் குன்றக்குடி, பிரான்மலை என்று கிளம்பிப் போகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். கோடையில் கிளம்பும் செம்மண் புழுதி, பிரேமில் ஹோஸ் நுழைகிற ஓட்டையில் போய்ப் படியும். ஹேண்டில் பாரைத் திருப்பும்போதெல்லாம் ஹோஸ் அந்த விளிம்பில் உரசும். ஓட்டையை மூடுகிற ரப்பர் எங்கேயாவது விழுந்துவிட்டால், அப்புறம் ஹோஸின் ஆயுள் குறைவுதான்.

அந்த ஹோஸ் 5 மில்லிமீட்டர் விட்டம். நடுவில் எண்ணெய் ஓடும் வழவழப்பான குழல், அதைச் சுற்றிப் பின்னிய அராமிட் நூல், அதற்கு மேல் பிளாஸ்டிக் தோல். தோல் தேய்ந்து பின்னல் வெளியே தெரிந்தாலோ, கீழே விழுந்ததில் ஹோஸ் மடிந்து நெளிந்தாலோ மாற்றியே ஆகவேண்டும். லிவரை அழுத்தும்போது உண்டாகிற அழுத்தம் முழுவதையும் சக்கரத்துப் பக்கம் பிரேக் பிடிக்கிற காலிப்பருக்குக் கொண்டுபோவது இந்த ஒரு குழாய்தான். இதில் ஒட்டுப் போடுவது என்கிற பேச்சே கிடையாது.

பிரேமுக்கு வெளியே கிளிப் போட்டு மாட்டிய ஹோஸ் என்றால் மாற்றுவது சுலபம். கிளிப்பை எடுத்து, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, எண்ணெய் ஏற்றி ஏர் எடுத்துக் கொடுத்துவிடலாம். உள்ளே ஓடுவதற்கும் முறை இருக்கிறது. லிவர் பக்க நட்டைக் கழற்றி விட்டு, காலிப்பர் பக்கம் பழைய ஹோஸை நேராக வெட்ட வேண்டும். இரண்டு முனையிலும் மரை உள்ள சின்னக் கம்பி ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனையைப் பழைய ஹோஸில் திருகி, மறுமுனையைப் புது ஹோஸில் திருகி, முன்பக்கம் நின்று மெதுவாக இழுக்க வேண்டும். பாவாடைக்குப் புது நாடா கோக்கும்போது பழைய நாடாவின் நுனியில் அதைத் தைத்து இழுப்பார்களே, அதே வேலைதான்.

எல்லா பிரேமிலும் அது அப்படி வழுக்கிக்கொண்டு வந்துவிடாது. பின் சக்கரத்திலிருந்து வரும் கீழ்க்குழாய் பெடல் அச்சுக்குப் பக்கத்தில் பெரிய குழாயோடு சேருகிற இடத்தில்தான் தகராறு. அங்கே ஹோஸ் வளைய வேண்டும். வெல்டிங் வைத்த குழாயின் உள்விளிம்பு கூராக இருக்கும். சத்தம் வராமல் இருக்க ஹோஸின் மேல் மாட்டிய நுரை உறை அந்த இடத்தில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். இழுக்கிற கைக்கு அது உடனே தெரியும்: வந்துகொண்டே இருந்தது சட்டென்று நிற்கும். கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, ஹோஸை விரலுக்கிடையில் உருட்டி, மறுபடி இழுக்க வேண்டும். பொறுமை இழந்து வெடுக்கென்று இழுத்தால் இணைப்புக் கம்பி கழன்றுவிடும். பழையது கையோடு வந்துவிடும், புதியது பிரேமுக்குள் எங்கேயோ நிற்கும்.

போன கோடையில் ஒரு மாணவரின் வண்டி அந்த நிலைமையில்தான் வந்தது. வேறொரு ஊரில் கொடுத்திருக்கிறார். புது ஹோஸைக் கட்டாமலேயே பழையதை உருவிப் போட்டுவிட்டு, முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். நுழைவு ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தால் கிழிந்த நுரையும் வெல்டிங் முடிச்சும் தெரிந்தன, வழி தெரியவில்லை. பெடல் மாட்டியிருக்கும் கிராங்கைக் கழற்றி, பெடல் அச்சின் பேரிங் கூட்டையும் கழற்றி, காந்த முனை வைத்த கம்பியை உள்ளே விட்டு, வெளியிலிருந்து இன்னொரு காந்தத்தால் அதை ஒவ்வொரு அங்குலமாக நகர்த்திக் கொண்டுவந்தோம். அலுமினியத்திலும் கார்பனிலும் இந்தக் காந்த வித்தை பலிக்கும். இரும்பு பிரேம் என்றால் காந்தம் குழாயையே கவ்விக்கொள்ளும், அப்போது நூலை உள்ளே விட்டு, மறுபக்கம் வேக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்ச வேண்டியதுதான். ஒரு ஹோஸுக்காகப் பாதி வண்டியைப் பிரித்தோம். அந்தக் கூலியை ஒரு மாணவரிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

நான் கேட்பது இதுதான். ஹோஸ் நுழைகிற ஓட்டையிலிருந்து வெளியே வருகிற ஓட்டை வரைக்கும் பிரேமுக்குள் ஒரு வழிக்குழாய் வையுங்கள். விலை கூடிய கார்பன் பிரேம்கள் சிலவற்றில் நீங்களே வைத்திருக்கிறீர்கள். அதில் ஹோஸை இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் வந்து நிற்கிறது, நுரையும் வேண்டாம், காந்தமும் வேண்டாம். அதே வசதி அலுமினிய பிரேமுக்கும் வேண்டும். அது முடியாது என்றால், பெடல் அச்சுக்கு அடியில் விரல் போகிற அளவுக்கு ஒரு திறப்பு, மூடியோடு வையுங்கள். அதுவும் முடியாது என்றால் ஹோஸை வெளியிலேயே கிளிப் போட்டு ஓட்டிவிடுங்கள். பார்க்க அழகு குறையும் என்பது உண்மைதான். கருவேல முள்ளுக்குள் ஓட்டும்போது உள்ளே போகிற ஹோஸ் மாட்டாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழற்றி மாட்ட வழியில்லாத அழகு எங்கள் ஊருக்கு உதவாது.

ஹேண்டில் பார் திரும்பும் இடத்தில் இருக்கும் ஹெட்செட் பேரிங் வழியாக ஹோஸை விடும் புதிய பழக்கம் இதைவிட மோசம். அதில் ஹோஸை மாற்ற, ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மையும் மேல் பேரிங்கையும் கழற்ற வேண்டும். பேரிங் தேய்ந்தால், நல்ல ஹோஸையும் பல மாடல்களில் அவிழ்த்து, திரும்ப எண்ணெய் ஏற்ற வேண்டும். புழுதிக்கு முதலில் போவதே பேரிங்தான். செம்மண் ஊரில் ஓடப்போகிற வண்டியில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது எண்ணெய். இதில்தான் எனக்குப் பயமே. எங்கள் பக்கம் எந்த ஆட்டோமொபைல் கடையிலும் கிடைப்பது டாட் 4, மோட்டார் சைக்கிள் பிரேக்குக்கு ஊற்றுவது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகளுக்கு வேண்டியது மினரல் ஆயில். ஸ்ராம் பிரேக்குகளில் நெடுநாளாக டாட் 5.1, இப்போது டிபி8, மேவன் போன்றவற்றில் மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுப்போகும். கடையை விட்டுப் போகும்போது பிரேக் நன்றாகத்தான் பிடிக்கும், பின்னால் ஒருநாள் இறக்கத்தில் லிவர் ஹேண்டில் பாரைத் தொடும். லிவரில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கறுப்புப் பிளாஸ்டிக்கில் பொடி ஆங்கில எழுத்து. பிரேமின் மேல் ஹோஸ் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் எந்த எண்ணெயோ அதைத் தமிழில், ‘மினரல் ஆயில் மட்டும்’ என்பதுபோல, ஒரு ஸ்டிக்கராக ஒட்டுங்கள். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வேலை கற்றுக்கொள்ள வருகிற பையனும் அதைப் படிப்பான்.

அப்புறம், சில்லறைச் சாமான். லிவர் முனையில் ஹோஸுக்குள் அடிக்கிற ஊசியும், அதன் மேல் நட்டு இறுக்கும்போது நசுங்கிப் பிடிக்கிற பித்தளை வளையமும் ஒருமுறைதான் உதவும். வளையம் நசுங்கிப் பிடித்தபின் அதை இன்னொரு ஹோஸுக்கு எடுக்க முடியாது. ஹோஸை உருவி எடுத்தாலே புது ஜோடி வேண்டும். வண்டியோடு ஒரு ஜோடியைப் பையில் போட்டுக் கொடுங்கள். இப்போது இதற்காக மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும், இரண்டுமே ஏறக்குறைய 90 கிலோமீட்டர்.

பழுதுநீக்கும் உரிமைக்காக 2022இல் மத்திய நுகர்வோர் துறை குழு அமைத்தது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் என்று தொடங்கிய அந்தப் பட்டியலில் சைக்கிள் இல்லை. சட்டம் சொல்லித்தான் செய்ய வேண்டுமா? 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியதில் எங்கள் பக்கத்துப் பள்ளத்தூரிலிருந்து போன முருகப்பா குடும்பத்தின் கை உண்டு. இந்த நாட்டுச் சைக்கிள் தொழிலில் எங்கள் மண்ணுக்கும் பங்கு இருக்கிறது என்ற உரிமையில்தான் உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். அரசு கொடுக்கும் பள்ளிக்கூடச் சைக்கிளை எந்தத் தெருமுனையிலும் சரிபண்ணிவிடலாம். ஐம்பதாயிரம் ரூபாய் வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பிரேமை மாற்ற உங்களுக்கு வருஷங்கள் ஆகலாம், புரிகிறது. படம் போடுவதற்கு அவ்வளவு நாள் ஆகாது. இப்போது கடையில் நிற்கிற ஒவ்வொரு மாடலுக்கும், ஹோஸ் எங்கே நுழைந்து எங்கே வளைந்து எங்கே வெளியே வருகிறது, உள்ளே குழாய் உண்டா இல்லையா, எந்த எண்ணெய், நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் படம் போட்டு, தமிழில் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள். அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு சைக்கிள் மெக்கானிக்