சம்பளமின்றித் தொடங்கிய ஆய்வு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் துறையில் சாதித்த பெண்களைப் பற்றி மாணவர்களுக்கு எழுதும்போது, 'முதல் பெண்' என்ற பெருமையைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அவர்கள் செய்த ஆய்வை ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். 1930இல் அமெரிக்கப் பூச்சியியல் சங்கத்துக்குத் தலைவரான முதல் பெண் எடித் பேட்சும் (1876-1954) இதற்கு விலக்கல்லர்.

1901இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றும், பூச்சியியலில் வேலை கொடுப்பார் இல்லாததால் அவர் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். 1903இல் மேய்ன் மாநில வேளாண் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் சார்ல்ஸ் வுட்ஸ், பூச்சியியல் துறை ஒன்றைத் தொடங்கித் தரும்படி அவரை அழைத்தார். ஆனால், முதலாண்டில் அவ்வேலைக்குச் சம்பளம் இல்லை. (ஓர் ஆணிடம் இப்படிக் கேட்டிருப்பார்களா என்பது என் ஐயம்.) மறு ஆண்டே துறைத் தலைவரான அவர், 1911இல் கார்னல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்று, 1937இல் ஓய்வுபெறும்வரை அத்துறையை நடத்தினார்.

அவர் ஆராய்ந்தது அசுவினிப் பூச்சிகளை. நம் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புப் பேட்டைகளின் சமூகத் தோட்டங்களில் பயற்றங்காய் போடுகிறவர்கள் அவற்றை நன்கு அறிவார்கள்: தளிர் நுனியிலும் பிஞ்சுக் காம்பிலும் கறுப்பாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும், அவை வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்புகள் கொடியில் சாரைசாரையாக ஏறி இறங்கும். குளிர்நாடுகளிலோ, பல அசுவினி இனங்கள் ஒரு வகைச் செடியில் முட்டையாகக் குளிர்காலத்தைக் கழித்து, கோடையில் முற்றிலும் வேறு வகைச் செடிக்குப் பறந்துவிடுகின்றன. உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கும் அசுவினி குளிர்காலத்தில் ரோஜாச் செடியில் தங்குவதைப் பேட்ச் மேய்னில் கண்டறிந்தார். வயலில் மட்டும் மருந்தடித்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் ரோஜாவைக் கவனிக்காத விவசாயிக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! எந்த அசுவினி எந்தச் செடியை உண்ணும் என்று உலக அளவில் அவர் தொகுத்த பட்டியல், ஓய்வுக்குப் பின் 1938இல் வெளிவந்தது.

நம் நாட்டிலும், 1973இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக அறிவியல் புலத்தின் முதல் பெண் தலைவரான பேராசிரியர் குளோரியா லிம் பூஞ்சைகளை ஆராய்ந்தவர் என்பது எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

ஆகவே, தங்கள் மாணவர் பக்கத்தில் இத்தகையோரைப் பற்றி எழுதும்போது, ஆய்வையே முதலில் வைத்து, படங்களுடன் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சிறுவர்களுக்காக இயற்கை நூல்கள் பல எழுதிய எடித் பேட்சிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
தோ பாயோ